ஒன்பது பேலட்டுகளின் முதல் மரியாதை

மூன்று நாட்டு மிளகு உற்பத்தியாளர் கம்பெனியில் பானுமதிக்கு முதன்மைச் செயல் அலுவலர் என்று பதவி. வேறு அலுவலர் ஒருவரும் இல்லாததால், முதன்மைக்கு அடுத்தபடி யார் என்ற கேள்வி இதுவரை எழுந்ததில்லை. காலையில் குடோனைத் திறந்து கூட்டுவது, கோணி ஊசியைத் தேடுவது, ஹாம்பர்க்கில் மிளகு வாங்குபவருக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுவது, சேர்மன் செங்கோடன் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடங்கும்.

மூன்று நாடு என்பது வளப்பூர் நாடு, திருப்புலி நாடு, அரியூர் நாடு. நாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் எதையோ பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். கொல்லிமலையில் பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் இரண்டு நாடு தாண்டியிருக்கும். ஆனால் திருவிழாவில் முதல் தேங்காய் யாருக்கு என்று வந்துவிட்டால், உலகத்து நாடுகள் எதற்கும் இவை இளைத்தவை அல்ல. பேச்சுவார்த்தை, வெளிநடப்பு, மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருப்பது எல்லாம் முறைப்படி நடக்கும்.

அந்த வருஷம் நாற்பத்து மூன்று குடும்பங்கள் மிளகை வியாபாரிக்குப் போடாமல் கம்பெனிக்குப் போட்டிருந்தன. போட வைத்தவள் பானுமதி. இரண்டு மாதம் ஊடு ஊடாக ஏறி இறங்கி, கப்பல், கடல், வெளிநாடு என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியாக மசிந்தவள் அவளைப் பெற்ற அத்தாயிதான்.

"கப்பல்ல போவுமுன்னு சொல்றே. போவாட்டி?" என்று கேட்டாள் அத்தாயி.

"போகும்மா."

"போவாட்டின்னுதான் கேட்டேன்."

அந்தக் கேள்விக்குப் பதில் செம்மேட்டு வியாபாரியிடம் இருந்தது. "தாராளமாக் கொண்டுபோய்க் கடலக் காட்டிப்போட்டுக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் எங்கியும் போகலீங்க, இங்கியேதான் இருப்பேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மிளகு ஒரு தரம் திரும்பி வந்தால் போதும், பிறகு எந்த ஊட்டுப் படியையும் அவள் மிதிக்க முடியாது. நூற்று எண்பது மூட்டையும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தூத்துக்குடியில் கண்டெய்னருக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் துறைமுக யார்டின் கேட் மூடிவிடும், கப்பல் காத்திருக்காது.

பேலட் என்ற பேச்சைக் கொண்டுவந்தவர் நாமக்கல்லில் இருந்த ஏற்றுமதி ஆலோசகர் ஓம்பிரகாஷ். சரக்கு மூட்டைகளை அடுக்கித் தூக்க உதவும் மரச் சட்டத்துக்குப் பேலட் என்று பெயர். அவர் குடோன் சுவரில் படம் காட்டி, வெறும் மூட்டை அனுப்புவது பழைய காலத்து வழக்கம் என்றும், பேலட்தான் ஒரு கம்பெனியின் முகம் என்றும் விளக்கினார். பேலட் இல்லாமல் முடியாதா என்று பானுமதி கேட்டாள். அவர் அடுத்த படத்தைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் பேலட்டின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சேர்மன் செங்கோடனுக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

இப்படியாக, திரும்பிய பக்கமெல்லாம் மரம் நிற்கிற மலைக்கு, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சென்னையிலிருந்து ஒன்பது பழைய பேலட்டுகள் வந்து சேர்ந்தன. இந்த மலையில் வெட்டிய பலாப் பலகையில் கொட்டாப்புளியால் நான்கு தட்டுத் தட்டினால் இதைவிட நல்லதாக வருமே என்று கேட்டவர்களுக்குப் பானுமதி பொறுமையாக விளக்கினாள். மரத்துக்குள் பூச்சி இருந்தால் அதுவும் கப்பலேறிப் போய் அந்த ஊர்க் காட்டைத் தின்றுவிடுமாம். அதனால் மரத்தைச் சூடுபடுத்தி, பூச்சியைக் கொன்று, அதற்கென்று அனுமதி வாங்கிய கம்பெனி முத்திரை குத்த வேண்டும். ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் எந்த நாட்டில் சூடு காட்டினார்களோ அந்த நாட்டின் எழுத்து, ஒரு நம்பர். அந்த முத்திரை இருக்கிறவரைக்கும் பழைய பேலட்டும் எந்தக் கடலையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் தாண்டலாம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நாமக்கல்லைத் தாண்டியதில்லை. கட்டைக்குப் பாஸ்போர்ட் இருக்கிற சேதி மலை முழுக்கப் பரவியது. மறுநாள் பேலட்டுகளைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு எழுத்துகளைப் படித்துச் சொன்னதுதான் பானுமதி செய்த முதல் தவறு. நான்கு ஜெர்மனி, மூன்று வியட்நாம், இரண்டு சீனா.

"அப்ப எங்க மிளகு எதுல போவுதுங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான்.

வளப்பூர் நாட்டுக்கு ஜெர்மனி வேண்டும். திருவிழாவில் முதல் தேங்காய் அவர்களுக்குத்தான், அதனால் முதல் பலகையும் அவர்களுக்கே. திருப்புலி நாட்டுக்கும் ஜெர்மனிதான் வேண்டும். மிளகு போவது ஜெர்மனிக்கு, ஜெர்மனிக்கு வேறு நாட்டுப் பலகையில் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள். அரியூர் நாட்டார் கடைசியாக வந்ததால் அவர்களுக்கு வியட்நாமும் சீனாவும் மிஞ்சின. அந்த நாட்டுக்குத் தலைவரான அரியூர்ப் பட்டக்காரர் எழுந்து துண்டை உதறினார். வருஷா வருஷம் மிளகு விலையைக் குப்புறத் தள்ளுகிறவன் வியட்நாம்காரன், அவன் பலகை மேல் என் மிளகு உட்கார்ந்து போவதைவிட அடுப்பில் போகட்டும் என்றார். சீனா ஆகுமா என்று யாரோ கேட்டார்கள். அவர் வெளிநடப்புச் செய்தார்.

பானுமதி இதையெல்லாம் தீர்த்துவைக்க நின்றிருப்பாள். ஆனால் மிளகுக்கான பூச்சியில்லாச் சான்றிதழ் வாங்க இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. போகும்போது பேலட்டை நனைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, ஆடு கட்டக் கூடாது, முத்திரையில் கை வைக்கக் கூடாது என்று சேர்மனிடம் நான்கு விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் போனாள்.

"நீ நிம்மதியாப் போயிட்டு வா கண்ணு. சமாதானம் பண்றது எனக்கு விட்ட வேலை" என்றார் செங்கோடன்.

அவர் பண்ணிய சமாதானம் நியாயமானதுதான். சண்டை நாட்டால் வந்தது. நாடு தெரிவது எழுத்தால். எழுத்து தெரியாதபடி ஒன்பது பேலட்டுக்கும் ஒரே நிறம் அடித்துவிட்டால் எல்லாம் ஒன்றுதானே. எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ளாத நிறம் எது என்று அரை நாள் யோசித்து மஞ்சள் என்று முடிவானது. அடித்து முடித்ததும் பளபளவென்று வெறுமையாக நின்ற மஞ்சளைப் பார்க்க எல்லோருக்குமே கை துறுதுறுத்தது. கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட வெளிச்சம் மறையும்படி பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. கடலைத் தாண்டுகிற பலகையைச் சும்மா விட மனம் வருமா. சுவரெழுத்து மாதேஸ்வரனை வரவழைத்தார்கள். ஒவ்வொரு பேலட்டிலும் சிவப்பில் 'உபயம்' என்று போட்டு மூன்று நாட்டின் பெயரும் எழுதினான். மூன்றில் வளப்பூர் மேலே, மூன்றில் திருப்புலி மேலே, மூன்றில் அரியூர் மேலே. ஒன்பதிலும் அடியில், கொஞ்சம் பெரிதாக, 'தலைமை: செங்கோடன்.'

சான்றிதழோடு திரும்பிவந்த பானுமதி குடோன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"முத்திரை எங்கீங்க?"

"உள்ள பத்திரமா இருக்குது" என்றார் செங்கோடன். "நீ கை வெக்கக் கூடாதுன்னு சொன்னியே, யாருமே கை வெக்கல. பிரஷ்ஷாலதான் அடிச்சாங்க."

"தெரியாட்டி அது முத்திரையே இல்லீங்க."

"அதுக்குத்தான் வெளியிலியும் போட்டுட்டமே" என்று ஒரு பேலட்டைத் திருப்பிக் காட்டினான் மாதேஸ்வரன்.

கட்டம் இருந்தது. குத்திய முத்திரையைவிட நேராக, நான்கு மூலையிலும் பூ வைத்து. உள்ளே கதிர் இருந்தது. ஆனால் அது விரல் மடக்கிய கை மாதிரி இருந்தது. கோதுமை இந்த மலையில் விளைவதில்லை, தெரியாத பயிரை வரைந்தால் தப்பு வரும், அதனால் ராகிக் கதிர் போட்டேன் என்று அவன் விளக்கினான். நாட்டெழுத்து இருந்த இடத்தில் 'கொ.ம.' என்றிருந்தது.

"இந்த நம்பர்?"

"பழைய நம்பர் யாருதுன்னே தெரியலீங்க. எதுக்கு அடுத்தவங்க நம்பருன்னு சேர்மனோட செல் நம்பரையே போட்டுட்டேன்."

அவள் ஒரு பேலட்டை வெளியே இழுத்துப்போட்டுத் தின்னரும் கந்தலுமாகத் தேய்த்தாள். மஞ்சள் போனது. ராகி போனது. அவற்றோடு சேர்ந்து அடியிலிருந்த ஜெர்மனியும் கரைந்து, கடைசியில் எல்லாம் ஒரு பழுப்புச் சேறாகக் கந்தலில் வந்தது. ஓம்பிரகாஷுக்குப் போன் போட்டாள். துறைமுகத்தில் இதையெல்லாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, தைரியமாகக் கொண்டுபோங்கள் என்றார் அவர். வேறு பேலட் வாங்க நாளும் இல்லை. அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை வழியனுப்பு விழா நடந்தது. பேலட்டோடு மூட்டையைத் தூக்கும் எந்திரம் மலையில் கிடையாது. ஆகவே காலிப் பேலட்டுகளை முதலில் லாரியில் ஏற்றி, அவற்றின் மேல் மூட்டைகளைக் கையால் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றினார்கள். செங்கோடன் கத்தரிக்கோலோடு லாரிக்கு முன்னால் நின்று இருபது நிமிஷம் பேசினார். மிளகு என்ற சொல் அதில் ஒரே ஒரு தரம் வந்தது. லாரி கிளம்பியதும் அவரும் நாட்டுக்கு ஒருவராக மூன்று பிரதிநிதிகளும் வாடகை வேனில் பின்னாலேயே கிளம்பினார்கள். தங்கள் பெயர் கண்டெய்னருக்குள் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா. பானுமதி காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, தூத்துக்குடி கண்டெய்னர் யார்டில், சரக்கு சரிபார்க்கும் ஸ்டீபன் லாரியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனிந்து பார்த்தார். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்தே பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பேலட்டுங்க" என்றாள் பானுமதி.

"அது தெரியுது. இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கது என்ன?"

"ராகிங்க" என்று முன்னால் வந்தார் செங்கோடன். "எங்க மலைப் பயிரு. சத்தான பொருளுங்க."

"இந்த நம்பர்?"

"என்ற நம்பர்தானுங்க. எப்ப வேணாலும் கூப்பிடலாம்."

ஸ்டீபன் இருபத்திரண்டு வருஷமாக அந்த யார்டில் இருப்பவர். கரையான் அரித்த பேலட், எலி குடும்பம் நடத்திய பேலட், பழைய முத்திரையை வெட்டிப் புதுக் கட்டையில் ஆணியடித்த பேலட் எல்லாம் பார்த்தவர். முத்திரைக்குப் பதில் சொல்லத் தொலைபேசியோடு ஆளே கூட வந்த பேலட்டை அன்றுதான் பார்த்தார். அதனாலோ என்னவோ அவர் கத்தவில்லை. கையால் வரைந்த முத்திரை செல்லாது, மறைந்துபோன முத்திரையும் செல்லாது, போதாததற்குச் சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்து பார்க்கிற கப்பல்காரன் ஆபத்தான சரக்கு என்று நினைப்பான் என்று நிதானமாகச் சொன்னார்.

"இந்த மரம் இந்தக் கேட்டத் தாண்டாது. அவ்வளவுதான் சொல்லுதேன்."

செங்கோடன் மூன்று நாட்டின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்டீபன் அடுத்த லாரிக்கு நகர்ந்தார். பானுமதிக்கு லாரி திரும்பி வளைவு வளைவாக ஏறுவதும், செம்மேட்டில் வியாபாரி கடை வாசலில் நின்று கும்பிடுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. 'போவாட்டின்னுதான் கேட்டேன்.' அவள் ஸ்டீபனின் பின்னால் ஓடினாள்.

"சார், மரம் தாண்டாதுன்னு சொன்னீங்க. மிளகு தாண்டுமுங்களா?"

ஸ்டீபன் அவள் கையிலிருந்த காகிதங்களை வாங்கிப் புரட்டினார். "மிளகுக்கு எல்லாம் சரியாத்தான இருக்கு. மூட்டைய கண்டெய்னர் வெறுந்தரையில அடுக்குனா யாரு வேண்டாங்கா? இங்க பாதிச் சரக்கு அப்படித்தான் போவுது. வாங்குறவருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

அவள் நின்ற இடத்திலேயே ஹாம்பர்க்குக்கு மெயில் போட்டாள். அங்கே அது காலை டீ குடிக்கிற நேரம். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. தாராளமாக மூட்டையாகவே அனுப்புங்கள், நாங்கள் பேலட் கேட்கவே இல்லையே என்று எழுதியிருந்தார்கள்.

மணி மூன்றேகால். மூன்று நாட்டின் அவசரக் கூட்டம் ஒரு காலிக் கண்டெய்னரின் நிழலில் கூடியது. பானுமதி சேதியைச் சொன்னாள்.  எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மிளகைத் தனியாக அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் மலைக்குத் திருப்பிக் கொண்டுபோவதா? மேளம் அடித்து அனுப்பிய பலகை திரும்பி வந்தால் மூன்று நாட்டுக்கும் தலைகுனிவு. அரியூர்ப் பட்டக்காரர், தன் நாட்டின் பெயர் முதன்முதலாக மேலே வந்ததே இந்தப் பலகையில்தான், அதையும் இறக்குவதா என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அது மட்டும் நிஜம்.

செங்கோடன் முடிவாகச் சொன்னார். "பலகை போனாத்தான் மிளகு போவும். இல்லாட்டி ரெண்டும் ஊருக்குப் போவட்டும். மானந்தான் கண்ணு பெருசு."

பானுமதி காகிதக் கட்டை மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

"சரிங்க. போயிரலாமுங்க. ஆனா நாப்பத்து மூணு ஊட்டுக்கும் நான் போய்ச் சொல்ல மாட்டேன். மிளகக் கொண்டுவான்னு கேட்டது நானு. போவலீன்னு சொல்றது நீங்க. எங்க அம்மாகிட்டயிருந்தே ஆரம்பிங்க."

 நான்கு பேருக்கும் அத்தாயியைத் தெரியும். மற்ற நாற்பத்து இரண்டு ஊட்டையும் தெரியும். தண்ணிக்கு நின்றாலும் கேட்பார்கள், பஸ்ஸில் ஏறினாலும் கேட்பார்கள், சாவு ஊட்டில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். திருப்புலிக்காரர் தொண்டையைச் செருமினார். வளப்பூர்க்காரர் வாட்சைப் பார்த்தார்.

செங்கோடன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வெயில் மண்டையப் பொளக்குது. நாங்க போய் ஒரு டீயக் குடிச்சிப்போட்டு வாரோம்."

"இப்பவேங்களா?"

"இப்பத்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கேட் எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?"

"அஞ்சுக்குங்க."

"அப்ப அஞ்சு வரைக்கும் டீ குடிப்போம். நாங்க இல்லாதப்ப இங்க நீயாப் பார்த்து ஏதாச்சும் பண்ணிப்போட்டீன்னா, அது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா கண்டிப்போம். கடுமையாக் கண்டிப்போம். அத இப்பவே சொல்லிப்போட்டேன்."

நால்வரும் வரிசையாகப் போனார்கள். வரிசையில் வளப்பூர் முன்னால் போனது.

அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் பானுமதி லாரி மேல் ஏறியிருந்தாள். டிரைவரின் கத்தியை வாங்கிப் பிளாஸ்டிக் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். யார்டின் சுமைக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். நூற்று எண்பது மூட்டை என்றதும், இந்நேரத்துக்கு ஆகாது என்று இரண்டு பேர் திரும்பிப் போகப் பார்த்தார்கள். அவள் ஒரு மூட்டையின் மூலையைப் பிடித்து லாரியின் விளிம்புக்கு இழுத்துத் தள்ளினாள், அடுத்ததை இழுத்தாள். போகப் பார்த்தவர்கள் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டார்கள். மிளகு நெடி கிளம்பி ஆளாளுக்குத் தும்மினார்கள். கண்டெய்னர் தரையில் காகிதம் விரித்து மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின. யாருடைய மூட்டை எந்த நாட்டு மூட்டை மேல் உட்கார்ந்தது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. அரியூர் மேல் வளப்பூர், வளப்பூர் மேல் திருப்புலி, எல்லாம் கைக்கு வந்தபடி. நான்கு மணி நாற்பத்தெட்டுக்குக் கடைசி மூட்டை ஏறியது. ஸ்டீபன் எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்.

சரியாக ஐந்து மணிக்கு நால்வரும் திரும்பி வந்தார்கள். லாரியில் ஒன்பது மஞ்சள் பேலட்டுகள் மட்டும் நிற்பதைப் பார்த்ததும் செங்கோடன் அதிர்ச்சி அடைந்தார். அதிர்ச்சியை ஸ்டீபன், டிரைவர், சுமைக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி அடைந்தார். பிறகு பானுமதியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாமும் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுங்க."

"எங்க ஊட்டுப் பத்து மூட்டையும்?"

"பத்தும்."

"என்ன காரியம் பண்ணிப்போட்டே கண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஏழு வாரம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்தது. மிளகின் காரமும் மணமும் பிரமாதம், அடுத்த வருஷம் இரண்டு மடங்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பொதுக்குழு கூடியது. நாற்பத்து மூன்று குடும்பமும் வந்திருந்தது. மிளகு போடாத குடும்பங்களிலிருந்தும் இருபது பேர் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் தீர்மானம், மூன்று நாட்டின் பெருமையைக் கருதாமல் தன்னிச்சையாகச் செயல்பட்ட முதன்மைச் செயல் அலுவலரை வன்மையாகக் கண்டிப்பது. செங்கோடன் படித்து முடிக்குமுன் முதலாவதாக உயர்ந்த கை அத்தாயியுடையது. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது தீர்மானம், அதே அலுவலரின் பதவியை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பது, அடுத்த சரக்கையும் அவரே எப்படியாவது அனுப்பிவைப்பது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. 'எப்படியாவது' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது சேர்மன்தான்.

இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியவள் பானுமதி. கூட்ட நடவடிக்கை எழுதுவதும் அந்தப் பதவிக்குரிய வேலைதான். 'வன்மையாக' என்பதை அடித்துவிட்டு 'மிக வன்மையாக' என்று தன் கையெழுத்தில் திருத்தி, கீழே கையொப்பமிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ள எழுந்து போனாள்.